வெள்ளத்துக்கு விட்ட வழி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, எனக்கு முன் அழகாகப் பேசி அமர்ந்த செயலாளர் அவர்களே, பொன்னாடை போர்த்திய பெரியவர்களே, சனிக்கிழமை மாலையை ஒதுக்கி வந்திருக்கும் தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம். கலிபோர்னியாவின் தலைநகர் சாக்ரமெண்டோவுக்கு மேற்கே, ஆற்று வெள்ளம் வழிந்தோட ஒதுக்கிய தாழ்நிலமான யோலோ வெள்ளப் போக்கைப் பற்றி வெள்ளம், உழவு, உயிர்கள் என்று மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன்.

'வெள்ளம் வருமுன் அணை போடு' என்பார்கள். இந்த ஊர்க்காரர்களும் கரை போட்டுத்தான் பார்த்தார்கள். 1862 ஜனவரி. லேலண்ட் ஸ்டான்ஃபோர்ட் கலிபோர்னியா ஆளுநராகப் பதவியேற்கும் நாள். தெருவெல்லாம் ஆறு! மனிதர் துடுப்புப் படகில் போய்ப் பதவியேற்றார். திரும்பி வந்தால் வீட்டு வாசலைக் காணோம், தண்ணீருக்குள் இருக்கிறது. மாடி ஜன்னல் வழியாக உள்ளே போனார் என்று இன்றும் சொல்கிறார்கள். ஆளுநர் ஐயா, ஆளுநர்! சொந்த வீட்டுக்குள் ஜன்னலேறிப் போயிருக்கிறார். அதே மாதம் சட்டமன்றமே மூட்டை கட்டிக்கொண்டு சான் பிரான்சிஸ்கோ போய்விட்டது.

பட்ட பிறகுதான் புத்தி வந்தது. 'அணை போடு', சரி. தண்ணீர் போக வழி வேண்டாமா? 1917-ல் வெள்ளத் தடுப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. ஃப்ரீமாண்ட் கலிங்கு எழுந்தது. சாக்ரமெண்டோ ஆறு உயர்ந்தால் நீர் தானாகவே அதன் மேல் வழிந்து, யோலோ போக்கின் 59,000 ஏக்கரில் பரவி ஓடும். மாரியில் கடல் போல் கிடக்கும் அதே மண்ணில் கோடையில் நெல்லும் தக்காளியும் விளைகின்றன.

ஒரு பிப்ரவரியில், நீர் நின்ற நெல்வயலில் வலையில் எடுத்த சால்மன் மீன்குஞ்சு ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார்கள். சுண்டுவிரல் நீளம், வயிறு புடைத்திருந்தது. நீருக்கடியில் நெல்தாள் அழுகும்போது பெருகும் சின்னஞ்சிறு நீருயிர்களைத் தின்று, ஆற்றில் கிடக்கும் குஞ்சைவிட இது வேகமாக வளர்கிறது. ஆகவே தண்ணீர் இன்னும் சில வாரம் வயலில் நிற்கட்டும் என்கிறோம். ஆனால் வயல் காயத் தாமதமானால் விதைப்பு தள்ளிப்போகும், மகசூல் குறையும். அந்த நட்டத்தை உழவன் மட்டும் ஏன் சுமக்க வேண்டும்? நகரத்தைக் காப்பது அவன் நிலம். மீனுக்கு இடம் கொடுப்பதும் அவன் நிலம். நிற்கும் ஒவ்வொரு வாரத்துக்கும் அரசு ஈடு கொடுக்க வேண்டும். அதை வெள்ளம் வருமுன்னே எழுதிக் கையெழுத்திட வேண்டும். 'வெள்ளம் வருமுன் அணை போடு' என்பதற்கு நான் கொள்ளும் பொருள் இதுதான்.

அரங்க வாசலில் மேசைமேல் கோரிக்கை மனு இருக்கிறது. போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். வணக்கம்.