கர்னலை விட்டு வெளியே வரும் வழி

வணக்கம். ஒரு ஃபைலைத் திறக்கிறோம், அதற்குள்ளேயே நம் புரோகிராம் சிஸ்டம் கால் என்ற அழைப்பு மூலமாகப் பல தடவை கர்னலுக்குள், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதிக்குள், போய்த் திரும்பி வந்துவிடுகிறது. உள்ளே போவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், நான் திரும்பி வருவதைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன், ஏனென்றால் ஆபத்து அங்கேதான் இருந்தது.

64 பிட் எக்ஸ்86 சிப்பில் வெளியே வர இரண்டு கட்டளைகள். ஐரெட் மெதுவானது, நம்பகமானது. சிஸ்ரெட் வேகமானது, சிப்புக்குள் இருக்கும் ஆர்சிஎக்ஸ் என்ற சிறிய சேமிப்பிடத்தில், அதாவது ரிஜிஸ்டரில், என்ன முகவரி இருக்கிறதோ அங்கே நேராகப் போய்விடும். அந்த முகவரி செல்லாததாக இருந்தால்? இன்டெல் சிப், கர்னல் அதிகாரத்தை இன்னும் கைவிடாத நிலையிலேயே பிழையை எழுப்பும், ஆனால் ஸ்டாக், அதாவது ஓடும் புரோகிராம் தற்காலிகத் தகவல்களை எழுதிவைக்கும் நினைவக இடம், அதற்குள் பயனருடையதாக மாறியிருக்கும். அதாவது முழு அதிகாரத்தோடு ஓடும் கர்னல், யாரோ ஒருவர் தயார் செய்து வைத்த இடத்தில் எழுதத் தொடங்கும். 2012-இல் விண்டோஸ், ஃப்ரீபிஎஸ்டி என்ற ஆபரேட்டிங் சிஸ்டம், மெய்நிகர் கணினிகளை ஓட்டும் ஸென் எல்லாம் இதில்தான் மாட்டின. லினக்ஸ் 2006-லேயே இதைச் சரிசெய்திருந்தது.

அதனால் சிஸ்ரெட்டைத் தொடுவதற்கு முன் லினக்ஸ் சில சோதனைகள் போடுகிறது. இவை வெகுகாலம் அசெம்பிளியில், அதாவது சிப்பின் கட்டளைகளையே நேரடியாக எழுதும் மொழியில், இருந்தன. முகவரியின் பிட்டுகளை 16 இடம் இடப்பக்கம் தள்ளி, மறுபடி 16 இடம் வலப்பக்கம் இழுத்து, பழைய எண்ணே வருகிறதா என்று பார்ப்பார்கள், வந்தால் முகவரி செல்லும். சரியான வேலைதான், ஆனால் முதல் தடவை படித்தபோது காகிதத்தில் எழுதிப் போட்டுப் பார்த்தபிறகே எனக்குப் புரிந்தது. பாதுகாப்பே தொங்கும் இடம் அப்படி இருக்கலாமா?

2018-இல் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற சிப் பாதுகாப்புக் குறைகள் வெளியே வந்து, அவற்றுக்கான தடுப்புகளைச் சேர்த்தபிறகு, சிஸ்டம் கால்களுக்காக அசெம்பிளியில் இருந்த தனி வேகப் பாதைக்குப் பெரிய லாபம் இல்லாமல் போனது, அதைத் தூக்கிவிட்டார்கள். அப்புறம் 2023-இல் இந்தச் சோதனைகளும் சி மொழிக்கு மாறின. முகவரி பயனர் எல்லையைத் தாண்டுகிறதா, தாண்டினால் சிஸ்ரெட் வேண்டாம், அவ்வளவுதான், ஒரு இஃப் வரி. இந்தச் சோதனைகள் இருக்கும் சி ஃபங்ஷன், சிஸ்ரெட் போடலாமா என்பதற்கு ஆம் அல்லது இல்லை என்று பதில் தரும். அசெம்பிளி அந்த ஒரு பைட்டை மட்டும் பார்த்து, இல்லை என்றால் ஐரெட் பக்கம் திரும்பிவிடும்.

ரிஜிஸ்டர்களை மீட்பதும், ஸ்டாக்கை மாற்றுவதும், கடைசி சிஸ்ரெட்டும் இன்னும் அசெம்பிளியில்தான் இருக்கின்றன. அங்கே சி வர முடியாது, ஓடுவதற்கு அதற்கே ஒரு ஸ்டாக் வேண்டும், அந்த நேரத்தில் நாம் மாற்றிக்கொண்டிருப்பதே ஸ்டாக்கைத்தான்.