ஐம்பது கிலோகூடத் தேறாத பையனும் அவனை அடிக்க வரும் கோணங்கி ஆட்களும்

வணக்கம் மக்களே. இன்றைக்கு முழு வீடியோவும் பஞ்ச்-அவுட் என்ற பாக்ஸிங் வீடியோ கேம் பற்றித்தான். ஸ்க்ரீனில் இப்போது ஓடுவது 1987-இல் நின்டெண்டோவின் என்.இ.எஸ். கன்சோலுக்கு வந்த பதிப்பு. கீழே நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறானே, கறுப்பு பனியன், பச்சை கிளவுஸ், அவன்தான் லிட்டில் மேக். வயது 17, ஊர் நியூயார்க்கின் பிராங்க்ஸ், எடை 107 பவுண்டு, அதாவது ஐம்பது கிலோகூடத் தேறாது. எதிரில் நிற்பவர் பால்ட் புல், துருக்கிக்காரர், 298 பவுண்டு. மேக் எம்பிக் குதித்தால்தான் அவர் முகத்தில் குத்து விழும். நிஜ பாக்ஸிங்கில் இந்த இரண்டு பேரையும் ஒரே ரிங்கில் ஏற்றவே விடமாட்டார்கள், எடைப் பிரிவு என்று ஒன்று இருப்பதே அதைத் தடுக்கத்தான். ஆனால் இந்த கேமின் உயிரே இந்தப் பொருந்தாத ஜோடியில்தான் இருக்கிறது.

நான் சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம். இதில் வருகிற ஒவ்வொரு எதிரிக்கும் ஒரு கிறுக்கு உண்டு, அந்தக் கிறுக்குதான் அவரைத் தோற்கடிக்கும் வழியும். இரண்டும் ஒன்றுதான். அதனால் இதை நான் அடிதடி கேம் என்று சொல்லமாட்டேன், ஆட்களைப் படிக்கிற கேம் என்றுதான் சொல்வேன். அதனால்தான் இத்தனை வருடம் கழித்தும் யாராவது "பாக்ஸிங் கேம் ஒன்று சொல்லுங்கள்" என்றால் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

மேக் ஏன் இவ்வளவு பொடியனாக இருக்கிறான் என்பதற்கு அழகான காரணம் உண்டு. இந்தத் தொடர் 1984-இல் ஆர்கேடில், அதாவது கடைகளில் காசு போட்டு ஆடும் இயந்திரத்தில், தொடங்கியது. ஒரே கேபினெட்டில் மேலும் கீழுமாக இரண்டு மானிட்டர், மேலே ஆட்களின் படமும் கணக்கும், கீழே சண்டை. இயக்கியவர் கென்யோ தகேதா, எதிரிகளை வரைந்தவர் டாங்கி காங் செய்த அதே ஷிகேரு மியாமோட்டோ. அதில் நம் ஆள் பச்சைக் கோடுகளால் ஆன வெறும் கூடாக நிற்பார், அவர் உடம்பின் ஊடாகவே எதிரியைப் பார்க்கலாம். வீட்டு கன்சோலில் அந்த வித்தை கைகூடவில்லை. பெரிய உருவம் ஒன்றை முன்னால் நிறுத்தினால் எதிரி மறைந்துவிடுவார், அதனால் ஹீரோவைக் குட்டையாக்கிவிட்டார்கள். இயந்திரத்தின் போதாமையிலிருந்து பிறந்தவன்தான் மேக், ஆனால் அந்த உயரம் அவனுக்குக் கதையாகவே ஆகிவிட்டது, ஒரு வரி வசனம்கூட இல்லாமல் இந்தப் பையன் எதற்கு எதிராக நிற்கிறான் என்பது பார்த்த நொடியிலேயே புரிந்துவிடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இதில் லெவல் ஏறுவது கிடையாது, பலம் கூட்டிக்கொள்ள எதுவும் கிடையாது, புது அடி எதையும் மேக் கற்றுக்கொள்வதும் இல்லை. இடது கை, வலது கை, முகத்துக்கு, வயிற்றுக்கு, அவ்வளவுதான். எதிரியைச் சரியான நேரத்தில் அடித்தால் சில சமயம் ஒரு நட்சத்திரம் கிடைக்கும், அதை வைத்து ஒரு அப்பர்கட், அதாவது கீழிருந்து மேலே போகும் பலமான குத்து, போடலாம். தப்பிக்க இடம், வலம், குனிவது, தடுப்பது. முதல் சண்டையில் கையில் இருந்த இதே சாமான்களோடுதான் கடைசி சண்டைக்கும் போகிறான். வளர வேண்டியது பட்டனை அழுத்துகிற நாம்தான். கண்ணை மூடிக்கொண்டு பட்டனைத் தட்டினால் குத்தெல்லாம் கிளவுஸில் பட்டு மேலே இருக்கும் இதயங்கள் குறைந்துகொண்டே வரும், சுழியானதும் மேக் இளஞ்சிவப்பாகிக் களைத்துப்போய் நிற்பான், குத்தவே முடியாது, நாலு அடியைத் தவிர்த்தால்தான் மூச்சு திரும்பும். அவசரக்காரர்களை இந்த கேம் இப்படித்தான் உட்காரவைத்துப் பொறுமை கற்றுத் தருகிறது.

சரி, ஆட்களுக்கு வருவோம்.

பெர்லினிலிருந்து வரும் வான் கைசர் குத்துவதற்கு முன்னால் தலையை ஆட்டுவார். டோக்கியோவின் பிஸ்டன் ஹோண்டாவுக்குப் புருவம் துடிக்கும். மாட்ரிட்டின் டான் ஃபிளமென்கோ நடனக்காரர், சவடால் பேர்வழி, அவருடைய முதல் குத்தைத் தவிர்த்துவிட்டு முகத்தில் இடது, வலது, இடது, வலது என்று மாற்றி மாற்றிக் குத்திக்கொண்டே இருந்தால் பதில் அடி கொடுக்காமலே விழுந்துவிடுவார். அவ்வளவு அலட்டலுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை என்பதை முதல் சந்திப்பிலேயே காட்டிவிடுகிறார்கள், அப்புறம் அதே ஆள் திரும்பி வரும்போது அந்த வழி எடுபடாது.

கிங் ஹிப்போதான் என் செல்லம், அதனால் இவரிடம் கொஞ்சம் நேரம் நிற்கிறேன். ஊர் ஹிப்போ தீவு. எடை போடும் இடத்தில் எண்ணே இல்லை, வெறும் கேள்விக்குறிகள். எங்கே குத்தினாலும் சலனமே இல்லாத மலை மாதிரி நிற்கிறார். ஆனால் இப்போது பாருங்கள், கையை ஓங்கும்போது வாயைப் பிளக்கிறார் அல்லவா, அந்த நொடியில் வாயிலேயே ஒன்று வைத்தால், இதோ, டவுசர் கழன்று கீழே விழுகிறது. உடனே அவருக்கு மானப் பிரச்சினை வந்துவிடுகிறது. கை தானாக டவுசருக்குப் போகிறது, ப்ளாஸ்திரி ஒட்டிய வயிறு திறந்து கிடக்கிறது, அங்கே குத்திக்கொண்டே இருங்கள். ஒரு முறை கீழே விழுந்துவிட்டால் இவர் எழுந்திருக்கவே மாட்டார், நடுவர் பத்து எண்ண வேண்டியதுதான். அந்த நடுவர் யார் என்று பாருங்கள், மாரியோ. ஒரு கதாபாத்திரத்தின் வெட்கத்தையே விளையாட்டின் விதியாக ஆக்கியிருக்கிறார்கள், அதுவும் நாமாகவே கண்டுபிடிக்கும்படி. ஒரு எதிரியை எப்படி வடிவமைக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் கிங் ஹிப்போவைத்தான் காட்டுவேன்.

பால்ட் புல் பெயருக்கேற்ற காளை. பின்னால் ரோப் வரை போய்த் துள்ளித் துள்ளி ஓடிவருவார், பட்டால் மேக் தரையில். ஆனால் மூன்றாவது துள்ளலில் வயிற்றில் ஒரே ஒரு குத்து சரியாக விழுந்தால் தரையில் கிடப்பது அவர். கொம்பைச் சீவிக்கொண்டு வருகிற வேகம்தான் அவரைச் சாய்க்கிறது. இந்த இடத்தில் என் கட்டைவிரலுக்கு இன்னும் வியர்க்கிறது.

இந்தியாவிலிருந்து ஒருவர் இருக்கிறார், கிரேட் டைகர். 1987 பதிப்பில் ஊர் பம்பாய், நின்டெண்டோவின் பிந்தைய கன்சோலான வீ-க்கு (Wii) 2009-இல் வந்த பதிப்பில் மும்பை. தலைப்பாகையில் ஒரு கல், குத்துவதற்கு முன் அது பளிச்சென்று மின்னும். மாயமாக மறைந்து மறைந்து வந்து சுழன்று அடிப்பார், ஐந்து முறை தடுத்து நின்றால் அவருக்கே தலை சுற்றிவிடும், ஒரே குத்தில் கீழே. விளையாட்டாகப் பார்த்தால் அருமையான எதிரி. ஆனால் தலைப்பாகை, புலி, மந்திரம் என்று ஒரு நாட்டை இந்த மூன்றுக்குள் அடைத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு முகம் சுளிக்கத்தான் செய்கிறது. இது இவர் ஒருவருக்கு மட்டும் நடந்ததும் அல்ல. சோவியத் பாக்ஸர் சோடா பாபின்ஸ்கிக்கு ஆர்கேடில் இருந்த பெயர் வோட்கா ட்ரங்கென்ஸ்கி, வீட்டு கன்சோலுக்கு வரும்போது வோட்கா சோடாவாக மாறியது. நாட்டைக் கிண்டல் செய்வது வேறு, ஆளைக் கிண்டல் செய்வது வேறு. கிங் ஹிப்போவும் பால்ட் புல்லும் இன்னும் புதிதாக இருப்பதற்குக் காரணம் அவர்கள் எந்த நாட்டையும் நினைவூட்டுவதில்லை, அவர்கள் அவர்களாகவே இருக்கிறார்கள். வீ பதிப்பில், கனடாவின் நெக்ஸ்ட் லெவல் கேம்ஸ் செய்தது, ஒவ்வொருவரும் தம் தாய்மொழியில் பேசுகிறார்கள், கிரேட் டைகர் இந்தி பேசுகிறார். அந்த ஒரு மாற்றமே எனக்குப் பெரிதாகப் பட்டது.

இப்போது கடைசி ஆள். இந்தப் பதிப்பின் முழுப்பெயர் மைக் டைசன்ஸ் பஞ்ச்-அவுட். டைசன் 1986 நவம்பரில் 20 வயதில் உலக ஹெவிவெயிட் பட்டம் வென்றவர், ஒரு வருடத்தில் இந்த கேமின் உச்சியில் வந்து உட்கார்ந்துவிட்டார். இவரிடம் மட்டும் கோமாளித்தனமே கிடையாது. முதல் 90 விநாடி ஒவ்வொரு அப்பர்கட்டும் பட்டால் நேரே தரைதான். அதுவரை சிரித்துக்கொண்டே வந்த கேம் இங்கே சிரிப்பை நிறுத்திவிடுகிறது, அந்த மௌனம் உண்மையிலேயே பயமுறுத்துகிறது. 007 373 5963 என்ற பாஸ்வேர்டைப் போட்டால் யாரையும் அடிக்காமலே இவர் முன்னால் போய் நிற்கலாம், ஆனால் நிற்கத்தான் முடியும்.

இதற்குப் பக்கத்தில் நிஜத்தில் நடந்ததை வைத்துப் பாருங்கள். 1990 பிப்ரவரி 11, டோக்கியோ. டைசனுக்கு எதிரில் பஸ்டர் டக்ளஸ், பந்தயக் கணக்கு 42-க்கு 1, அதாவது அவர் ஜெயிப்பார் என்று கிட்டத்தட்ட யாருமே நம்பவில்லை. பத்தாவது ரவுண்டில் டைசன் விழுந்தார். அதே 1990-இல் டைசன் ஒப்பந்தம் முடிந்து, அவர் இடத்தில் மிஸ்டர் ட்ரீம் என்ற கற்பனை ஆளை வைத்து நின்டெண்டோ இதே கேமை மறுபடி வெளியிட்டது. போட்டி நிறுவனமான சேகாவோ டக்ளஸ் பெயரிலேயே ஒரு பாக்ஸிங் கேமை இறக்கியது. லிட்டில் மேக் திரையில் செய்துகொண்டிருந்ததை ஒரு மனிதர் நிஜ ரிங்கில் செய்து காட்டியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் இந்தத் தொடரின் நிஜமான எளியவர் யார் என்று கேட்டால் நான் மேக்கைச் சொல்லமாட்டேன். கிளாஸ் ஜோவைச் சொல்வேன்.

பாரிஸ்காரர், 38 வயது, 110 பவுண்டு. கணக்கைப் பாருங்கள், 1 வெற்றி, 99 தோல்வி. முதல் எதிரி இவர்தான், கேம் பழகுவதற்காகவே வைக்கப்பட்டவர், எல்லாரும் இவரை ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டு அடுத்தவரிடம் ஓடுகிறோம். கொஞ்சம் நில்லுங்கள். மேக்கை விட மூன்றே பவுண்டுதான் கூட, வயதோ இரண்டு மடங்குக்கு மேல், 99 முறை தோற்றவர் மறுபடியும் மணி அடித்ததும் எழுந்து வருகிறார். பின்னால் நகர்ந்து, ஒரு முறை உசுப்பேற்றிப் பார்த்து, முன்னே வந்து குத்துகிறார், அந்த நேரத்தில் சரியாக அடித்தால் விழுகிறார். வீ பதிப்பைச் செய்தவர்களுக்கும் இவர் மேல் என்னைப் போலவே பாசம் இருந்திருக்க வேண்டும். அதில் மேக் சாம்பியன் ஆன பிறகு தோற்றவர்கள் எல்லாரும் தங்கள் ஓட்டையை அடைத்துக்கொண்டு திரும்பி வருகிறார்கள். கிங் ஹிப்போ வயிற்றில் சாக்கடை மூடியைக் கட்டிக்கொண்டு வருகிறார். கிளாஸ் ஜோ நூறாவது தோல்விக்குப் பிறகு தலைக்கவசத்தோடு வருகிறார். நாமும் நூறு முறை தோற்றால் மேக்குக்கும் தலைக்கவசம் கிடைக்கும். தோற்றவனுக்கு கேம் கொடுக்கிற மரியாதை அது, இதைச் செய்தவர்களைக் கட்டிப்பிடிக்கலாம்.

1994-இல் வந்த சூப்பர் பஞ்ச்-அவுட்டில் கேபி ஜே என்ற கிழவர் ஒருவர், அவருக்கும் 1 வெற்றி, 99 தோல்விதான், அந்த ஒரே வெற்றி யாருக்கு எதிராக என்றால் கிளாஸ் ஜோவுக்கு எதிராக. அதே கேமில் நார்சிஸ் பிரின்ஸ் என்று ஒரு அழகன் இருக்கிறார், முகத்தில் ஒரு அடி பட்டதும் நிதானமெல்லாம் போய் ஆத்திரத்தில் தாறுமாறாக அடிக்கத் தொடங்குவார், அதுதான் நமக்கு வாசல். 1999-இல் மிட்வே வெளியிட்ட ரெடி டு ரம்பிள் பாக்ஸிங்கிலும் ஆஃப்ரோ தண்டர் மாதிரி வண்ணமயமான ஆட்கள் நிறைய, பார்க்கக் குஷியாக இருக்கும், ஆனால் அங்கே ஒருவரின் குணம் அவரை அடிக்கும் விதத்தை மாற்றுவதில்லை. எனக்கு அது அலங்காரத்தோடு நின்றுவிட்டது.

இந்த கேம் எவ்வளவு ஆழம் என்பதற்குக் கடைசியாக ஒன்று. 2016-இல், வெளிவந்து 29 வருடம் கழித்து, ஒரு ரசிகர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். ரிங்குக்குப் பின்னால் கூட்டத்தில் தாடி வைத்த ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பிஸ்டன் ஹோண்டாவையும் பால்ட் புல்லையும் எந்த நொடியில் குத்த வேண்டுமோ அந்த நொடியில் அவர் சட்டென்று குனிகிறார். வேகத்தைக் குறைத்து ஓட்டுகிறேன், வலது பக்கம் பாருங்கள், இதோ. இத்தனை கோடி கண்கள் பார்த்த திரையில் அந்தக் குறிப்பு அப்படியே உட்கார்ந்திருக்கிறது. இன்னொரு பக்கம், கேம்களை வேகமாக முடித்துக் காட்டும் கேம்ஸ் டன் குயிக் நிகழ்ச்சி மேடையில் கண்ணைக் கட்டிக்கொண்டு, சத்தத்தை மட்டும் கேட்டு இதை முழுக்க முடித்தவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு எதிரிக்கும் ஒவ்வொரு ஒலி, ஒவ்வொரு தாளம்.

அதனால் விளையாடப் போகிறவர்களுக்கு என் பங்குக்கு இரண்டு வார்த்தை. நின்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைன் என்ற சந்தா சேவையில் மிஸ்டர் ட்ரீம் பதிப்பும் இருக்கிறது, சூப்பர் பஞ்ச்-அவுட்டும் இருக்கிறது. டிவியில் கேம் மோடைப் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் பட்டனை அழுத்துவதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையில் வரும் தாமதத்திலேயே பிந்தைய சண்டைகள் கைவிட்டுப் போகும். சத்தத்தை மட்டும் குறைக்காதீர்கள். அப்புறம் கமெண்டில் எழுதுங்கள், இவர்களில் யாரிடம் முதலில் மாட்டிக்கொண்டீர்கள், எந்தக் கிறுக்கைக் கண்டுபிடித்து வெளியே வந்தீர்கள் என்று. அடுத்த வீடியோவில் வீ பதிப்பின் அரன் ரையன், அயர்லாந்துக்காரர், விதியையே மதிக்காதவர், அவர் ஒருவருக்கே தனி வீடியோ வேண்டும்.