இன்குபேட்டர் குழந்தைகள்: ஒரு சாட்சியம் கைமாறிய கதை

[திரை: 1990 அக்டோபர் 10, வாஷிங்டன்]

'நயிரா' என்று மட்டும் அறிமுகமான 15 வயதுப் பெண் மைக் முன்னால் அழுதபடி பேசுகிறார். குவைத் மருத்துவமனை ஒன்றில் தொண்டு செய்தபோது ஈராக் படையினர் புகுந்தார்களாம். இன்குபேட்டர்களை எடுத்துக்கொண்டு, பச்சைக் குழந்தைகளைக் குளிர்ந்த தரையில் சாக விட்டார்களாம். குவைத்தில் இருக்கும் உறவினர்களின் பாதுகாப்புக்காகக் குடும்பப் பெயரைச் சொல்லவில்லை என்றார்கள்.

ஈராக் குவைத்தைப் பிடித்து அப்போது இரண்டு மாதம் தாண்டியிருந்தது. போருக்குப் போவதா என்பதில் அமெரிக்க மக்கள் இரண்டுபட்டு நின்றார்கள்.

[திரை: பணம் போன வழி]

'சிட்டிசன்ஸ் ஃபார் எ ஃப்ரீ குவைத்'. பெயரைக் கேட்டால் குடிமக்கள் சிலர் கூடி வசூல் செய்து நடத்திய அமைப்பு போலத் தெரியும். நிதியோ ஏறக்குறைய முழுக்கவும் குவைத் அரசுடையது. ஹில் அண்ட் நோல்டன் என்ற பிஆர் (மக்கள் தொடர்பு) நிறுவனத்துக்கு இந்த அமைப்பு கொடுத்தது 1 கோடி டாலருக்கும் மேல். எந்தச் சேதி அமெரிக்கர் மனதைத் தைக்கும் என்று முதலில் கருத்துக்கணிப்பு எடுத்தார்கள். ஈராக் அதிபர் சதாம் ஹுசைனின் கொடுமைகள்தான் ஆழமாகப் பதிகின்றன என்று தெரிந்தது. சாட்சி மேடைக்கு வந்தது அதற்குப் பிறகு.

[திரை: விசாரணை மேசை]

இடத்தைத் தேர்ந்தெடுத்ததில்தான் சாமர்த்தியம். டாம் லாண்டோஸ், ஜான் போர்ட்டர் என்ற இரண்டு எம்.பி.க்கள் தலைமை வகித்த 'மனித உரிமைகள் காக்கஸ்' முன்னால்தான் நயிரா பேசினார். அது நாடாளுமன்றத்தின் அதிகாரபூர்வக் குழு கிடையாது. உறுப்பினர்கள் தாங்களாகக் கூடும் அமைப்பு. சத்தியப் பிரமாணம் இல்லாததால், பொய் சொன்னாலும் பொய்ச் சாட்சி வழக்கு வராது. ஆனால் டிவியில் பார்ப்பவருக்கு நாடாளுமன்ற விசாரணை போலவேதான் இருக்கும். இந்தக் காக்கஸோடு சேர்ந்த அறக்கட்டளைக்கு ஹில் அண்ட் நோல்டன் அலுவலகத்திலேயே குறைந்த வாடகையில் இடம். குவைத் அமைப்பும் அதற்கு 50,000 டாலர் கொடுத்தது.

[திரை: வீடியோ கேசட், ஒளிபரப்பு நிலையங்கள்]

நிகழ்ச்சியைப் படம்பிடித்ததும் அதே பிஆர் நிறுவனம். அதை வெட்டி ஒட்டி, செய்தி போலவே தயாரித்து, மீடியாலிங்க் என்ற வீடியோ விநியோக நிறுவனம் வழியாகச் சுமார் 700 டிவி நிலையங்களுக்கு அனுப்பினார்கள். இதற்குப் பெயர் வீடியோ நியூஸ் ரிலீஸ். நியூஸ் டெஸ்க்கில் ஆள் குறைவு, நேரமும் குறைவு. பைட்டும் (பேச்சுத் துணுக்கு) விஷுவலும் இலவசமாகக் கையில் வந்தால், படம் எடுத்தவர் யார் என்ற கேள்விதான் முதலில் விழுந்துபோகும். என்பிசி டிவியின் இரவுச் செய்தியில் அன்றே அதன் பகுதிகள் வந்துவிட்டன.

பிறகு அப்போதைய அமெரிக்க அதிபர் மூத்த புஷ் தன் பேச்சுகளில் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். டிசம்பரில் மனித உரிமை அமைப்பான ஆம்னஸ்டி இன்டர்நேஷனலின் அறிக்கை, 312 குழந்தைகள் இறந்ததாக எண்ணையே கொடுத்தது. அவ்வளவு சிறிய நாட்டில் அத்தனை இன்குபேட்டர் இருந்ததா என்று அங்கேயே கேட்டிருக்க வேண்டும். 1991 ஜனவரி 12 அன்று அமெரிக்க நாடாளுமன்ற மேலவையான செனட்டில் போருக்கான தீர்மானம் 52–47 என்று நூலிழையில் நிறைவேறியது. ஆதரித்த செனட்டர்கள் சிலர் இன்குபேட்டர் கதையை மேற்கோள் காட்டியிருந்தார்கள். வாக்குகளை இது ஒன்றே மாற்றியது என்று சொல்ல முடியாது; வாதத்துக்கு ஒரு முகம் கொடுத்தது என்று சொல்லலாம்.

சங்கிலியைக் கவனியுங்கள். டிவி காக்கஸை நம்பியது, மக்கள் டிவியை நம்பினார்கள், செனட்டர்கள் அதிபரையும் ஆம்னஸ்டியையும் நம்பினார்கள். முந்தைய ஆள் சரிபார்த்திருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

[திரை: 1991 மார்ச், விடுவிக்கப்பட்ட குவைத்]

செய்தியாளர்கள் மருத்துவமனைகளுக்கு நேரில் போய் டாக்டர்களைக் கேட்டபோது கதை கலைந்தது. டாக்டர்களும் நர்சுகளும் நாட்டைவிட்டு ஓடியதால் கவனிப்பின்றிக் குழந்தைகள் இறந்தது உண்டு. படையினர் இன்குபேட்டரிலிருந்து அள்ளி வீசியதற்கு ஆதாரம் இல்லை. ஏப்ரலில் ஆம்னஸ்டி தன் கூற்றைத் திரும்பப் பெற்றது. 1992 ஜனவரி 6 அன்று நியூயார்க் டைம்ஸில் ஜான் மெக்கார்தர் எழுதிய கட்டுரை, நயிரா யார் என்று சொன்னது: அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள்.

ஈராக் படை குவைத்தில் கொலையும் சித்திரவதையும் செய்தது நிஜம். இந்தக் கதை பொய்த்தபோது அந்த நிஜமான சாட்சிகளையும் சேர்த்துச் சந்தேகப்பட வைத்தது. அதுதான் மோசம்.

[திரை: நீதித் துறைப் பதிவுப் படிவம்]

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வெளிநாட்டுத் தரப்புக்காக வேலை செய்யும் நிறுவனங்கள் அமெரிக்க நீதித் துறையில் பதிவு செய்ய வேண்டும் என்று 1938 முதல் சட்டம் இருக்கிறது. ஹில் அண்ட் நோல்டனும் பதிவு செய்திருந்தது. யாருக்காக வேலை, எவ்வளவு பணம் என்பதெல்லாம் அந்தக் கோப்பில் இருக்கும்; யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.