கேம் பசங்களுக்குத்தானா? குடியாத்தம் தங்கையின் கேள்விக்குப் பதில்

அடுத்த கேள்வி குடியாத்தத்திலிருந்து. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் தங்கை கேட்டிருக்கிறார்: "அக்கா, பிஜிஎம்ஐ என்ற மொபைல் கேம் ஆடும்போது மைக் ஆன் செய்தாலே 'டேய், பொண்ணுடா' என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். கேம் பசங்களுக்கானது என்று அண்ணனும் சொல்கிறான். இந்தத் துறையில் வேலைக்கு ஆசைப்படுவது தப்பா?"

தப்பே இல்லை. அந்த வலி எனக்கும் தெரியும். காட்பாடியில் எங்கள் தெருமுனை பிரவுசிங் சென்டரில் பசங்க மணிக்கணக்கில் கேம் ஆடுவார்கள். நான் காசோடு போய் நின்றால், "பிரிண்ட் அவுட்டா பாப்பா?" என்பார் கடைக்காரர். கேம் என்று சொல்ல வாய் வராமல், ஹால் டிக்கெட்டை மட்டும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு திரும்பியிருக்கிறேன்.

சரி, அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள். 1980-ல் 'மிஸ்டரி ஹவுஸ்' கேமை வடிவமைத்தவர் ராபர்ட்டா வில்லியம்ஸ். 1981-ல் 'சென்டிபீட்' செய்த இருவரில் ஒருவர் டோனா பெய்லி. 1982-ல் 'ரிவர் ரெய்டு' எழுதியவர் கரோல் ஷா. மூவருமே பெண்கள். ரிவர் ரெய்டில் ஆற்றின் மேல் விமானம் ஓட்ட வேண்டும். கேமைப் பதிந்து விற்ற கேட்ரிட்ஜ் என்ற சின்னப் பெட்டியில் இருந்த இடமோ 4 கிலோபைட். வாட்ஸ்அப்பில் வரும் குட்மார்னிங் படமே அதைவிடப் பல மடங்கு பெரியது. நீண்டுகொண்டே போகும் ஆற்றை அதற்குள் எப்படி அடைப்பது? கரோல் ஷா ஆற்றை வரைந்து வைக்கவில்லை, ஒரு கணக்கை எழுதி வைத்தார். விமானம் போகப் போக அந்தக் கணக்கே அடுத்தடுத்த கரையை உண்டாக்கும். எத்தனை முறை ஆடினாலும் அதே ஆறுதான் வரும். எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கிற இடம் இது.

அப்புறம் எப்படி இது பசங்க சமாச்சாரம் ஆனது? 1983-ல் அமெரிக்காவில் வீடியோ கேம் வியாபாரம் படுத்துவிட்டது. திரும்ப எழுந்தபோது பொம்மைக் கடை வழியாக விற்றார்கள். அங்கே பையன்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று அலமாரியே தனித்தனி. கேம் பையன்கள் பக்கம் போனது, விளம்பரமும் அவர்களைப் பார்த்தே வந்தது. வியாபாரிகள் போட்ட கோடு அது.

மைக்கில் அசிங்கமாகப் பேசுகிறவனை மியூட் செய்து ரிப்போர்ட் அடியுங்கள். அவனுக்காக நீங்கள் குரலை மறைக்க வேண்டாம்.

வேலைக்கு வருவோம். சான்றிதழைவிட, நீங்கள் செய்து முடித்த ஒரு சின்ன கேம் அதிகம் பேசும். கேம் செய்ய உதவும் கோடோ (Godot) என்ற மென்பொருள் இலவசம், சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். அதில் பல்லாங்குழி செய்து பாருங்கள். பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழி. வீட்டில் பாட்டியிடம் ஆட்டத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், ஊருக்கு ஊர் விதி மாறும். புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போவது சுலபம். நாலு சேர்ந்து 'பசு' விழும்போது யார் எடுப்பது என்பதில்தான் புரோகிராம் சிக்கும். சிக்கினால் அந்தப் பகுதியை மட்டும் எனக்கு அனுப்புங்கள், அடுத்த வீடியோவில் சேர்ந்தே சரிசெய்வோம்.