கலைந்து போகச் சொல்ல யாருக்கு உரிமை?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, சனசமூக நிலையத்து ஆண்டு விழாவுக்கு வந்து இந்தப் பனிக்குள்ளேயும் எழும்பாமல் இருக்கும் எங்கள் ஊரவர்களே, வணக்கம்.

“போராட்டத்தை வெல்ல வைப்பது மக்கள் பலமா, பண பலமா?” என்பது தலைப்பு. எனக்கு முன்னர் பேசிய தம்பி பணத்துக்காக வெளுத்து வாங்கினார். பந்தலுக்குக் காசு, மைக்குக்குக் காசு, பஸ்ஸுக்குக் காசு, சாப்பாட்டுப் பார்சலுக்குக் காசு. காந்திக்கே பெருமுதலாளி பிர்லா தேவைப்பட்டார், நீங்கள் எம்மாத்திரம் என்றும் கேட்டார். நல்ல கைதட்டல் விழுந்தது. நானும் தட்டினேன். போராட்டத்துக்குக் காசு செலவாகும் என்பதை யார் மறுத்தது? நான் கேட்பது வேறு. கூடி நிற்கிற சனத்தைப் பார்த்து “போதும், வீட்டை போங்கோ” என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? அது காசு கொடுத்தவரின் கையில் இருந்தால், அங்கே நடப்பதற்குப் பெயர் கூலி வேலை.

கூலி என்று வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை ஐயா. அமெரிக்காவில் நியூ ஓர்லியன்ஸ் நகரம். 2017இல் என்டர்ஜி என்ற மின்சாரக் கம்பனி அங்கே ஓர் எரிவாயு மின்நிலையம் கட்ட நகரசபையிடம் அனுமதி கேட்டு நின்றது. பொதுமக்கள் கருத்துச் சொல்லும் கூட்டம். மண்டபத்துக்குள் செம்மஞ்சள் ரீசேட் போட்ட ஒரு பட்டாளம் இருந்துகொண்டு, மின்நிலையம் வேண்டும் என்று பேசியவர்களுக்கெல்லாம் கைதட்டியது. எதிர்ப்புச் சொல்ல வந்த சிலருக்கு உள்ளே இருக்க இடமே கிடைக்கவில்லை. அடுத்த வருடம் உள்ளூர்ச் செய்தியாளர்கள் கிண்டி எடுத்தார்கள். ரீசேட்காரரில் பலர் வாடகைக்குப் பிடித்த நடிகர்கள்! வந்து இருந்து கைதட்ட 60 டொலர். எழும்பிப் பேசினால் 200 டொலர். வெளியில் மூச்சு விடமாட்டோம் என்று கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். கம்பனியோ, ஆள் பிடித்தது தனக்குத் தெரியாது, நடுவில் நின்ற விளம்பரக்காரரின் வேலை அது என்றது. நகரசபை 50 இலட்சம் டொலர் தண்டம் போட்டது.

நடுவர் ஐயா, இந்த மேடையில் எங்களுக்குக் கிடைப்பது ஒரு பொன்னாடையும் ஒரு பிளேன்ரீயும்தான். பேசினால் 200 டொலர் என்று முதலே தெரிந்திருந்தால் நானும் அந்தப் பக்கம் போயிருப்பன்.

அந்த மின்நிலையம் கடைசியில் கட்டப்பட்டதுதானே என்று தம்பி குறிப்பு எழுதுகிறார், தெரிகிறது. கட்டப்பட்டதுதான். கம்பனி வென்றது. 60 டொலர் வாங்கியவர் எதை வென்றார்? அவருக்கு அந்த மின்நிலையம் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான்.

சரி, அது களவு. நல்ல மனதோடு பணம் போட்டவர்கள் இல்லையா? இருந்தார்கள். வ.உ.சிதம்பரனார் 1906இல் சுதேசி நீராவிக் கப்பல் கம்பனியைத் தொடங்கினார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடிய கப்பல். வணிகர்களும் நிலச்சுவான்தார்களும் பங்கு வாங்கினார்கள், நாட்டுப்பற்றில்தான் வாங்கினார்கள். 1908 மார்ச்சில் வெள்ளைக்காரன் அவரைப் பிடித்து அடைத்தான். பிறகு என்ன நடந்தது? அவர் சிறையில் இருக்கும்போதே கம்பனி கலைக்கப்பட்டது. யாரை எதிர்த்துக் கப்பல் விட்டாரோ, அந்த வெள்ளைக்காரக் கம்பனிக்கே கப்பலை விற்றார்கள்! அதே தூத்துக்குடியில் கோரல் நூல் ஆலைத் தொழிலாளர்கள் இருந்தார்கள். அந்த வருடத் தொடக்கத்தில் அவர் துணையோடு வேலைநிறுத்தம் செய்து சம்பள உயர்வை வென்றவர்கள். அவரைப் பிடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் மறுபடியும் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். இந்த முறை ஒரு சதம் கூட்டிக் கேட்கவில்லை, அவருக்காக வந்தார்கள். பங்குதாரருக்கு விற்றுவிட்டுப் போக ஒரு கப்பல் இருந்தது. இவர்களிடம் விற்க என்ன இருந்தது?

பிர்லாவுக்கு வருகிறேன். கொடுத்தார், நிறையவே கொடுத்தார். 1931இல் காந்தி வைஸ்ராய் இர்வினோடு உடன்பாட்டுக்குப் போனபோது, முதலாளிமாரின் நெருக்குதலும் அதற்கு ஒரு காரணம் என்று எழுதும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. மற்றவர்கள் மறுக்கிறார்கள். அதை நான் தீர்த்து வைக்கப் போவதில்லை. ஆனால் தம்பி, அது உண்மையென்றால் நீங்கள் எனக்காக வாதாடுகிறீர்கள். காசு கொடுத்த கை பிறேக்கிலும் போய் நின்றது என்றுதானே ஆகிறது?

காசே இல்லாமல் நடக்குமா? நடக்காது. அமெரிக்காவில் மொன்ற்கொமரி நகரம். 1955 டிசம்பரில் அங்கே கறுப்பின மக்கள், நிறம் பார்த்து இருக்கை தரும் பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று நின்றார்கள். 381 நாள். வேலைக்குப் போகக் கார் வேண்டும், காருக்குப் பெற்றோல் வேண்டும். ஜோர்ஜியா கில்மோர் என்ற சமையற்காரப் பெண், தன்னைப் போன்ற பெண்களைச் சேர்த்துக் கோழிச் சான்ட்விச்சும் ‘பை’ என்ற பலகாரமும் கேக்கும் செய்து விற்றார். விற்ற காசு போராட்டத்துக்குப் போனது. வாங்கித் தின்றவர்களில் வெள்ளைக்காரரும் உண்டு! யார் தந்த காசு என்று கேட்டால் “எங்கிருந்தும் வரவில்லை” என்று சொல்லத் தோதாகச் சங்கத்துக்கே அப்படியொரு பெயர் வைத்திருந்தார். போராட்டத்தின் மேல் போட்ட வழக்கில் நீதிமன்றத்தில் போய்ச் சாட்சி சொன்னார், வேலை போனது. வீட்டில் சமைத்து விற்றார். அந்தக் காசுக்கு முதலாளி யார்? கேக் வாங்கித் தின்றவரா வந்து போராட்டத்தை நிறுத்தச் சொல்ல முடியும்?

அவ்வளவு தூரம் ஏன்? எங்கள் முல்லைத்தீவுக் கேப்பாப்புலவு. பிலவுக்குடியிருப்புச் சனம் 2017 ஜனவரி கடைசியில் தங்கள் காணியைத் திருப்பிக் கேட்டு விமானப்படை முகாம் வாசலில் தறப்பாளைக் கட்டிக்கொண்டு இருந்தது. மாசிப்பனியில், றோட்டோரத்தில், பெண்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும். மார்ச் தொடக்கத்தில் காணி திரும்பியது, முழுவதும் இல்லை, ஒரு பகுதி.

இரணைதீவுச் சனம் 1992இல் இடம்பெயர்ந்தது. 2017 மே முதலாம் திகதி தொடங்கி கடற்படையின் கையில் இருந்த தீவைத் திருப்பிக் கேட்டு, இரணைமாதா நகரில் ஒரு வருடத்துக்குக் கிட்டப் போராட்டத்தில் இருந்து பார்த்தார்கள். அசைவில்லை. 2018 ஏப்ரல் 23, வள்ளங்களில் வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு தங்கள் தீவுக்குத் தாங்களே புறப்பட்டார்கள். எதிரில் கடற்படை. போய் இறங்கினார்கள், சிதைந்து கிடந்த மாதா கோயிலில் செபித்தார்கள், அங்கேயே தங்கினார்கள். அரசாங்கம் பிறகுதான் சம்மதித்தது.

இதற்கெல்லாம் வெளிநாட்டுக் காசு வந்தது என்று எதிரணியில் யாராவது முணுமுணுக்கலாம். வந்திருக்கட்டுமே! கனடாவில் இருக்கும் மருமகன் மாமிக்குத் தறப்பாள் வாங்கக் காசு அனுப்பினால் குற்றமா? அவர் ரெலிபோன் எடுத்து “மாமி, காணும், எழும்புங்கோ” என்று சொன்னால் மாமி எழும்புவாவா? இந்தச் சபையில் இருக்கிற மாமிமாரைப் பார்த்தாலே தெரியும்.

மணி அடிச்சிட்டினம். அடுத்ததாக எதிரணியின் நிறைவுப் பேச்சாளர் அக்கா வருவா. அவ நீளமாகப் பேசத் தேவையில்லை. அன்றைக்கு நடுக்கடலில் அந்த வள்ளங்களைத் “திருப்புங்கோ” என்று சொல்லித் திருப்பியிருக்கக்கூடிய பணக்காரர் ஒருவரின் பெயரைச் சொல்லட்டும். சொன்னால், இந்தப் பொன்னாடையை நானே அவவுக்குப் போர்த்திவிடுகிறேன்.

நன்றி, வணக்கம்.