தாயக்கட்டையும் கடன் பேரேடும்

(காரைக்குடியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும், ஆச்சிமார்களுக்கும், பள்ளியிலிருந்து நேரே வந்திருக்கும் மாணவ மாணவியருக்கும் என் வணக்கம்.

நிகழ்தகவையும் புள்ளியியலையும் தொடக்கநிலையில் விளக்கும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். பாடநூல்கள் இதை நாணயத்தைச் சுண்டுவதில் தொடங்கும். நம் வீடுகளில் அதைவிட நல்ல கருவி இருப்பதால் நான் தாயக்கட்டையில் தொடங்குகிறேன். மேசைமேல் இருக்கும் இந்தப் பித்தளைக் கட்டைகளைப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் நீளவாக்கில் நான்கு பக்கங்கள், மூன்றில் முறையே ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள் குடையப்பட்டிருக்கின்றன, நான்காவது வெறுமை. ஒரு கட்டையின் நான்கு பக்கங்களோடு மற்றதன் நான்கும் சேர, விழக்கூடிய வகைகள் பதினாறு. இந்தப் பதினாறையும் சேர்த்துக் கூறுவெளி என்கிறோம்.

ஒன்றில் ஒரு புள்ளியும் மற்றதில் வெறுமையும் விழுந்தால் தாயம். எந்தக் கட்டையில் புள்ளி விழுகிறது என்பதை வைத்து அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஆகவே தாயத்தின் நிகழ்தகவு பதினாறில் இரண்டு, அதாவது எட்டில் ஒன்று. இரண்டுமே வெறுமையாக விழும் பன்னிரண்டுக்கு ஒரே வழிதான், ஆறுக்கும் ஒன்றுதான். மூன்று விழுவதற்கோ நான்கு வழிகள் இருக்கின்றன. காய் இறங்கத் தாயம் வேண்டும் என்று காத்திருக்கும்போது மூன்றும் இரண்டுமாக விழுந்து எரிச்சலூட்டுவது கட்டையின் குறும்பு அன்று, வழிகளின் எண்ணிக்கை.

இந்தக் கணக்கு நான்கு பக்கங்களும் சமவாய்ப்பு உடையவை என்ற அனுமானத்தின்மேல் நிற்கிறது. கட்டை ஒழுங்காக வார்க்கப்பட்டிருந்தால் அதை ஒப்புக்கொள்ளலாம். சோழிக்கு அது செல்லாது. சோழியின் முதுகு ஒரு விதம், வாய்ப்பக்கம் வேறு விதம். எது எத்தனை முறை மேலே விழும் என்பதை அதன் வடிவத்தைப் பார்த்துக் கூற முடியாது, பலமுறை உருட்டி எழுதித்தான் காண வேண்டும். வடிவத்திலிருந்து கணக்கிடுவது நிகழ்தகவின் வேலை, உருட்டி எழுதிக் காண்பது புள்ளியியலின் வேலை.

எட்டில் ஒன்று என்றால் எட்டு முறை உருட்டினால் ஒரு தாயம் உறுதி என்று பொருளில்லை. ஒரு முறை தாயம் விழாமலிருப்பதன் நிகழ்தகவு எட்டில் ஏழு. எட்டு முறையும் விழாமலிருக்க அந்த எண்ணை எட்டுத் தடவை எழுதிப் பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.34. எட்டு உருட்டல் கொண்ட ஆட்டங்கள் மூன்று நடந்தால் அவற்றில் ஒன்று தாயமே இல்லாமல் முடியலாம் என்பதை வியப்பாகக் கொள்ளக் கூடாது.

முன்வரிசையில் இருக்கும் ஆச்சி ஒருவர், “இத்தனை நேரம் விழலையே, இனி விழுந்துதானே தீரணும்?” என்று கேட்கிறார்கள். உலகம் முழுவதும் இந்த எண்ணம் உண்டு. 1913 ஆகஸ்டு 18 அன்று மாண்டி கார்லோவின் சூதாட்டக் கூடத்தில் சுழல்வட்டின் (ரூலெட்) பந்து தொடர்ந்து 26 முறை கறுப்பிலேயே விழுந்தது. இனிச் சிவப்புதான் என்று நம்பிப் பணம் கட்டியவர்கள் பெருந்தொகை இழந்தார்கள். எட்டு முறை தாயம் விழாத பிறகும் ஒன்பதாவது உருட்டலில் வாய்ப்பு எட்டில் ஒன்றுதான், ஏனெனில் பித்தளையில் எதுவும் மாறவில்லை.

அப்படியானால் நீண்ட ஆட்டத்தில் கணக்கு எப்படிச் சரியாகிறது? உருட்டல்களின் எண்ணிக்கை கூடக்கூட விகிதம் உண்மையான நிகழ்தகவை நெருங்கும் என்பதை யாக்கோபு பெர்னூலி என்ற கணித அறிஞர் நிறுவினார். அவருடைய நூல் 1713-இல், அவர் மறைந்த பின், வெளிவந்தது. ஆனால் இது விட்டதை ஈடுகட்டுவதால் நிகழ்வதில்லை. 800 உருட்டலில் 100 தாயம் எதிர்பார்க்கலாம். முதல் எட்டும் வீணாகிவிட்டன என்றால், மீதமுள்ள 792-இல் எதிர்பார்க்கத்தக்கது 99. விட்ட தாயம் விட்டதுதான். நூற்றில் ஒன்று குறைந்தது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது, அவ்வளவே. இதை மாணவர்கள் நோட்டில் எழுதிச் சரிபார்க்கலாம்: தாயம் விழுந்த உருட்டலுக்கு அடுத்த உருட்டல்களை மட்டும் தனியே எடுத்து எண்ணுங்கள், அவற்றிலும் எட்டில் ஒன்றை ஒட்டித்தான் தாயம் வரும்.

முன்னது நடந்ததோ நடக்கவில்லையோ, பின்னதன் வாய்ப்பு மாறாது என்ற இந்த உறவைச் சார்பின்மை என்கிறோம். எட்டில் ஏழை எட்டுத் தடவை பெருக்க எனக்கு உரிமை தந்தது அதுதான். நிகழ்தகவில் பெருக்கல் எளிது. பெருக்கலாமா என்று கேட்பதுதான் கடினம், பலர் கேட்பதும் இல்லை. இந்த ஊருக்கு அந்தக் கேள்வியின் விலை தெரியும் என்பதால் இனிப் பேரேட்டுக்கு வருகிறேன்.

லேவாதேவிக்காரர் ஒருவர் நூறு பேருக்கு ஒரே அளவு கடன் கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆண்டில் ஒருவர் தவணை தவறுவதன் நிகழ்தகவு பத்தில் ஒன்று (கணக்குக்கு எளிதாக இருக்கட்டும் என்று நான் வைத்த எண் இது). ஒருவருக்கு நோய், ஒருவருக்கு உழவு மாடு சாவு, இன்னொருவருக்குப் பங்காளி வழக்கு, காரணங்கள் தனித்தனி. அப்போது ஆண்டுக்குச் சராசரியாகப் பத்துக் கடன் திரும்பாமல் நிற்கும். எல்லா ஆண்டும் சரியாகப் பத்தாக இராது. வழக்கமாக எவ்வளவு தள்ளிப்போகும் என்பதைத் திட்ட விலக்கம் சொல்கிறது. நூற்றைப் பத்தில் ஒன்றாலும் பத்தில் ஒன்பதாலும் பெருக்கினால் ஒன்பது. அதன் வர்க்கமூலமான மூன்றுதான் திட்ட விலக்கம். சராசரிக்கு இருபுறமும் அதன் இரு மடங்கு எடுத்தால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் நின்ற கடன் நான்கிலிருந்து பதினாறுக்குள் அடங்கும். இருபதோ அதற்கு மேலோ நிற்பதற்கு ஆயிரத்தில் இரண்டு வாய்ப்புதான். இத்தகைய அரிய விலக்கங்களின் நிகழ்தகவு எவ்வளவு விரைவாகச் சுருங்குகிறது என்பதற்கு ஒருங்கிணைந்த கோட்பாட்டை உருவாக்கியதற்காகவே, சென்னையில் பிறந்த கணித அறிஞர் எஸ்.ஆர். சீனிவாச வரதன் 2007-இல் கணிதத்துக்கான ஏபல் பரிசு பெற்றார் என்பதையும் இங்கே நினைவூட்டுகிறேன்.

இப்போது ஒரே ஒன்றை மாற்றுகிறேன். நூறு பேரும் ஒரே ஆற்றுப்படுகையில் நெல் விளைவிப்பவர்கள். ஒரே சந்தை விலையை நம்பியிருப்பவர்கள். பத்து ஆண்டுக்கு ஓர் ஆண்டு விலை சரிகிறது, அந்த ஆண்டில் ஒருவராலும் கட்ட முடிவதில்லை. தனி ஒருவரைப் பார்த்தால் தவறும் வாய்ப்பு இன்னும் பத்தில் ஒன்றுதான். சராசரியும் பத்துதான். ஆனால் திட்ட விலக்கம் மூன்றிலிருந்து முப்பதாகிறது. ஒன்பது ஆண்டுகள் பேரேடு பழுதில்லாமல் இருக்கும். பத்தாவது ஆண்டில் நூறும் நிற்கும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது எல்லாப் பருக்கையும் ஒரே நீரில் ஒரே தீயில் வேகுவதால்தான் உண்மை. கடன் வாங்கியவர்கள் அப்படி ஒரே பானையில் இருந்தால், நூறு கடன் என்பது பேரேட்டில் மட்டுமே நூறு.

கீழ்ப்பர்மாவில் நடந்தது ஏறத்தாழ இதுதான். ஐராவதி வடிநிலத்தில் காடு திருத்தி நெல் பயிரிட்ட உழவர்களுக்குப் பணம் சென்றது பெரும்பாலும் நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகளிலிருந்து, அதாவது வட்டிக்கடைகளிலிருந்து. 1930-இல் உலகப் பெருமந்தத்தில் நெல் விலை கடுமையாகச் சரிந்தது. பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையிலிருந்த விளைநிலம் 1930-இல் 6 விழுக்காடு. 1938-இல் அது 25 விழுக்காடு. அவர்கள் நிலம் தேடிப் போகவில்லை, கடன் திரும்பாததால் ஈட்டு நிலம் அவர்கள்மேல் வந்து விழுந்தது. பின்னர் அந்த நிலமும் பெரும்பாலும் கைவிட்டுப் போயிற்று. ஐந்தொகையை (வரவு செலவு, சொத்து கடன் கணக்கை) காசு பிசகாமல் கட்டியவர்களுக்குக் கணக்குத் தெரியவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆள்களைப் பரப்பினார்கள், ஊர்களைப் பரப்பினார்கள். விலையைப் பரப்ப வழியில்லை. அந்த வடிநிலத்தில் நெல்லைத் தவிரக் கடன் கொடுக்கத் தக்க பெரிய விளைச்சல் வேறெது இருந்தது?

கல்லூரி மாணவர் ஒருவர், நூறும் தனித்தனியா ஒன்றா என்பதை முன்கூட்டியே அறிய வழி உண்டா என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். பேரேட்டில் ஓரளவு காணலாம். ஆண்டுவாரியாக நின்ற கடனை எழுதிச் சராசரியைக் காணுங்கள். சார்பின்மை இருந்தால் எதிர்பார்க்கத்தக்க திட்ட விலக்கத்தை மேலே சொன்னபடி கணக்கிடுங்கள். ஏட்டில் உள்ள ஏற்ற இறக்கம் அதை ஒட்டி இருந்தால் நல்லது. பல மடங்கு மிஞ்சினால், காரணம் ஏதோ ஒன்று எல்லாருக்கும் பொதுவாக இருக்கிறது. ஆனால் சரிவு ஆண்டு ஒன்றுகூட வராத ஏட்டில் இந்தச் சோதனை ஒன்றும் காட்டாது. அங்கே எண்ணை விட்டுவிட்டு, கடன் வாங்கியவர்களின் வருமானம் எதைச் சார்ந்தது என்று விசாரிக்கத்தான் வேண்டும்.

நகைக்கடனுக்கும் இதே கேள்வி பொருந்துமா என்று அவரே இன்னொரு வரி சேர்த்திருக்கிறார். பொருந்தும். தவணை தவறும் காரணங்கள் வீட்டுக்கு வீடு வேறு. அதை ஆள்களின் எண்ணிக்கை தாங்கிக்கொள்ளும். பவுன் விலை இறங்கினாலோ எல்லா நகைக்கும் ஒரே நாளில் இறங்குகிறது, அங்கே நூறு பேருக்குக் கொடுத்தாலும் பதினாயிரம் பேருக்குக் கொடுத்தாலும் காப்பு இல்லை. நகையின் முழு மதிப்புக்கும் பணம் தராமல் ஒரு பகுதியைப் பிடித்துவைப்பது அந்தப் பொதுவான இறக்கத்துக்காகத்தான்.