கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். நகைச்சுவைக் காட்சி ஒன்று தேறுமா, தேறாதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். படத்தை மறைத்துவிட்டு ஒலியை மட்டும் கேட்க வேண்டும். அப்போதும் சிரிப்பு வந்தால் அது உயர்ந்த சரக்கு.

காவிரிப் படுகையில் இந்தப் பழக்கம் எங்களுக்குத் தானாகவே வந்தது. கல்யாணமோ, காதுகுத்தோ, மாரியம்மன் திருவிழாவோ, மைக் செட்டுக்காரர் முதல் நாளே வந்து தென்னை மரத்தில் குழாயைக் கட்டிவிடுவார். பாட்டு ரெக்கார்டுகள் ஓய்ந்ததும் வசன ரெக்கார்டு ஓடும். வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்தவர்கள் குனிந்தவாக்கிலேயே 'திருவிளையாடல்' முழுவதையும் கேட்டார்கள். 1965இல் வந்த அந்தப் படத்தைத் திரையில் பார்த்திராதவர்களுக்கும் தருமியின் புலம்பல் மனப்பாடம். பொற்காசுக்காகத் தவிக்கும் நாகேஷின் குரலில் வறுமை இருக்கிறது, நப்பாசை இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலே புலவன் என்ற வீறாப்பும் இருக்கிறது. அந்த வீறாப்புதான் சிரிப்பை மூட்டுகிறது. 1964இல் வந்த 'காதலிக்க நேரமில்லை'யில் அவர் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் இடமும் அப்படியே. வேண்டிய சத்தங்களையெல்லாம் வாயாலேயே எழுப்புவார். பயத்தை நமக்குத் தருவது பாலையாவின் தொண்டை.

தங்கவேலு எங்கள் பக்கத்து ஆள், காரைக்கால் வட்டாரத்தவர். 'கல்யாணப் பரிசு' படத்தில், 1959இல், வேலைக்கே போகாமல் மன்னார் அண்ட் கம்பெனியில் பெரிய உத்தியோகம் என்று மனைவியிடம் அளப்பார். அவர் பொய்யைக் கத்திச் சொல்வதில்லை. சாப்பிட உட்கார்ந்தவன் மோர் கேட்பதைப் போல அத்தனை இயல்பாகச் சொல்வார். இல்லாத கம்பெனி என்றால் இன்றைக்கும் தமிழர் வாயில் அந்தப் பெயர்தான் வருகிறது. அந்த மனைவியாக நடித்த எம். சரோஜாவையே அவர் பிறகு மணந்துகொண்டார் என்பது கூடுதல் இனிப்பு.

ஆனால் எனக்கு எல்லோரையும்விட உசத்தி, மன்னார்குடியில் பிறந்த மனோரமாதான். 1968ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 'தில்லானா மோகனாம்பாள்' கதை சிக்கல் நாயனக்காரருக்கும் திருவாரூர் நாட்டியக்காரிக்கும் நடப்பது, அதாவது எங்கள் மண்ணின் கதை. அதில் நாடகக்காரி ஜில் ஜில் ரமாமணியாக இழுத்து இழுத்துப் பேசுகிறார். சண்முகசுந்தரத்தின் நாயனத்தைப் பற்றி வெள்ளந்தியாக அவர் வியக்கும் இடத்தில் சிரித்துக்கொண்டே எனக்குக் கண் கலங்கும். பெரிய வித்வான்கள் மேல் ஒரு சின்னக் கலைஞி வைத்திருக்கும் மரியாதை அந்தக் குரலில் நிற்கிறது. அதே ஆண்டில் 'பொம்மலாட்டம்' படத்தில் அச்சு அசலான சென்னைப் பேச்சில் சொந்தக் குரலில் ஒரு பாட்டே பாடிவிட்டார். இரண்டையும் பாடியவர், பேசியவர் ஒருவரே என்று தெரியாதவர்களிடம் போட்டுக் காட்டிப் பாருங்கள், நம்ப மாட்டார்கள். இத்தனை ஊர்ப்பேச்சுகளை ஒரு தொண்டைக்குள் வைத்திருந்த ஆண் நடிகர் யாரையும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வடிவேலுவின் மதிப்பு முகத்தில்தான் இருக்கிறது என்று இளைஞர்கள் வாதிடுவார்கள். 2003இல் வந்த 'வின்னர்' படத்தின் ஒலியை மட்டும் கேட்கச் சொல்லுங்கள். வீரம் பேசி, அடி விழப்போகிறது என்று தெரிந்ததும் குரல் படிப்படியாக இறங்குமே, அந்த இறக்கம் போதும்.

தொலைக்காட்சி நகைச்சுவை மேல் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. ஒருவர் பேசி முடிப்பதற்குள் யாரோ சிரிக்கும் ஓசையைச் சேர்க்கிறார்கள், அது போதாதென்று விசித்திரமான சத்தங்கள் வேறு. எழுதியவரின் வசனத்தை நம்பினால் இவை எதற்கு? நேயர்களுக்கு எங்கே சிரிக்க வேண்டும் என்று தெரியும். இன்றைய துள்ளல் பாட்டுகளிலும் இதே குறைதான். தாளம் நன்றாகவே இருக்கிறது, சொல் மட்டும் அதில் மூழ்கிப்போகிறது. பாடகரின் குரலைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவாருங்கள் என்று இசையமைப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

நிலையத்தாரிடம் 'பொம்மலாட்டம்' பாட்டைக் கேட்டிருந்தேன், தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அடுப்படியில் இருப்பவர்கள் ஒலியைச் சற்றுக் கூட்டி வையுங்கள். மன்னார்குடிக்காரர் பாடப்போகிறார்.